எய்டன் நடந்த பக்கம்: ஆறு நாள் குறிப்புகள்

ஜூன் 9, ஞாயிறு. ஓபன்

கிளாஸ்கோவில் ரயில் ஏறும்போது நல்ல வெயில், ஓபனில் இறங்கும்போது சாரல். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே ஏரியும் மலையும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன, அக்கா அதில் பாதியைத் தூங்கிக் கழித்தாள். அக்கா என்றால் பெரியப்பா மகள். நியூகாசிலில் நர்ஸ், இரவு ஷிப்ட் முடித்த கையோடு வந்தவள், அதனால் எழுப்ப மனம் வரவில்லை.

இந்தப் பயணம் என் பிடிவாதம். பல வருடங்களுக்கு முன் பீட் என்ற ஆங்கிலத் துறவி 731ல் எழுதி முடித்த திருச்சபை வரலாற்றைப் படித்தபோது, அதில் எய்டன் என்று ஓர் அயர்லாந்துக்காரர் வந்தார். ராஜா கொடுத்த குதிரையைப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு நடந்து போன ஆள். அப்போதே மனதில் ஒட்டிக்கொண்டார். நான் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவள், அக்கா எந்தக் கோயிலுக்கும் போகாதவள், நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கிறிஸ்தவப் புனிதரின் வழியைத் தேடிக் கிளம்பியது வீட்டில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது.

துறைமுகத்தில் பச்சை வண்ணம் அடித்த ஒரு கொட்டகையில் கடல் உணவு விற்கிறார்கள். அக்கா நண்டு சாண்ட்விச் வாங்கினாள். இரண்டாவது கடி கடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கடல்காகம் வந்து பாதியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் சிரிக்கவில்லை, மிகுந்த வருத்தத்துடன் "சுவரோரமாக நின்று சாப்பிட வேண்டும்" என்றார். முதலிலேயே சொல்லியிருக்கலாம். ராத்திரி அறையில், மதுரையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்து, கடையில் வாங்கிய வெந்த சோற்றுப் பாக்கெட்டில் பிசைந்து சாப்பிட்டோம். ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. திரையை இழுத்துவிட்டுத்தான் தூங்க முடிந்தது.

ஜூன் 10, திங்கள். அயோனா

ஒரு கப்பல், ஒரு பேருந்து, இன்னொரு கப்பல். முதல் கப்பல் மல் தீவுக்கு. அங்கிருந்து தீவின் மறுகோடிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேருந்து. ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் சாலை, எதிரே வருகிறவர் ஒதுங்க அங்கங்கே சின்னச் சின்ன இடம் விட்டிருக்கிறார்கள். ஒதுங்கியவருக்கு ஓட்டுநர் கை தூக்குகிறார், அவரும் பதிலுக்குத் தூக்குகிறார், இப்படியே வழி முழுக்க. நம் ஊரில் இந்தச் சாலையில் என்ன நடந்திருக்கும் என்று அக்கா ஒரு காட்சி நடித்துக் காட்டினாள், அதை இங்கே எழுத முடியாது.

ஃபின்னஃபோர்ட்டில் பாறை எல்லாம் இளஞ்சிவப்பு. அங்கிருந்து பத்து நிமிடம் கடல் தாண்டினால் அயோனா. வெளியூர்க்காரர்கள் அனுமதி இல்லாமல் கார் கொண்டுபோக முடியாது, அதனால் இறங்கியவுடன் காதுக்கு என்னவோ ஆகிவிட்டதுபோல அமைதி. 563ல் கொலும்பா பன்னிரண்டு பேருடன் அயர்லாந்திலிருந்து இங்கே வந்து மடம் கட்டினார், 597ல் இங்கேயே இறந்தார். இப்போது நிற்கிற கல் கட்டடம் அவர் காலத்தது இல்லை. அவர்கள் மரத்தாலும் மண்ணாலும் கட்டினார்கள், மடத்தைச் சுற்றி எழுப்பிய மண்கரையின் மேடு மட்டும் புல்வெளியில் இன்னும் தெரிகிறது. வாசலில் நிற்கும் மார்ட்டின் சிலுவை எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஆயிரத்து இருநூறு வருட மழையையும் நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டிருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன். பாசி படிந்து சொரசொரவென்று, ஈரமாக இருந்தது.

எய்டன் இந்த மடத்துத் துறவி. கதை அவரிடமிருந்து தொடங்கவில்லை, ஆஸ்வால்ட் என்ற ராஜகுமாரனிடமிருந்து தொடங்குகிறது. 616ல் அப்பா போரில் செத்ததும் பையன் இங்கிலாந்தின் வடபகுதியில் இருந்த நார்தம்பிரியா ராஜ்ஜியத்தை விட்டுத் தப்பி இந்தப் பக்கம் வந்தான், ஐரிஷ்காரர்களோடு வளர்ந்தான், அவர்கள் பாஷையையும் மதத்தையும் எடுத்துக்கொண்டான். பிறகு சண்டை போட்டு நாட்டைத் திரும்பப் பிடித்ததும், எங்கள் மக்களுக்கு ஓர் ஆயரை அனுப்புங்கள் என்று ஆள் அனுப்பினான். முதலில் போனவர் கண்டிப்பான மனிதர். கொஞ்ச நாளில் திரும்பி வந்து, அந்த ஜனங்கள் முரடர்கள், பணிய மாட்டார்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று சபையில் புலம்பினார். அப்போது உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், படிக்காத ஜனங்களிடம் நீங்கள் அளவுக்கு மீறிக் கடுமை காட்டியிருக்கிறீர்கள், முதலில் குழந்தைக்குப் பால் கொடுப்பதுபோல எளிதானதைச் சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும் என்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அப்படியென்றால் நீங்களே போங்கள் என்று முடிவாகிவிட்டது. அவர்தான் எய்டன்.

"வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டார்னு சொல்லு" என்றாள் அக்கா. "எங்க வார்டு மீட்டிங்லயும் இப்படித்தான். யோசனை சொல்றவ தலையிலதான் வேலை விழும்."

மழை நின்று காற்றும் நின்றதும் மிட்ஜ் கூட்டம் வந்துவிட்டது. கொசுவில் கால்வாசிகூட இருக்காது, ஆனால் காது மடல், புருவம், தலை வகிடு என்று தேடித் தேடிக் கடிக்கிறது. உள்ளூர்க்காரர்கள் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு கூலாகத் தோட்ட வேலை செய்கிறார்கள். நாங்கள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு விடுதிக்கு ஓடினோம். ராத்திரி பக்கத்து வயலில் ஒரு பறவை, யாரோ வரட்டு வரட்டென்று தேங்காய் துருவுகிற மாதிரி, இரண்டு இரண்டு இழுப்பாகக் கத்திக்கொண்டே இருந்தது. கார்ன்க்ரேக் என்றார் விடுதிக்காரர், இப்போது பிரிட்டனில் அரிதாகிவிட்ட பறவை, இதைக் கேட்கவே ஆட்கள் தேடி வருகிறார்களாம். பெருமையாகத்தான் இருந்தது, இரண்டு மணி வரைக்கும்.

ஜூன் 11, செவ்வாய். வழியில்

கப்பல், பேருந்து, கப்பல், ரயில், ரயில், ரயில். காலையில் கிளம்பி ராத்திரி இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கிற பெரிக் வந்து சேர்ந்தோம். மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு ஒரே நாளில் வந்துவிட்டோம் என்று பெருமைப்பட இடுப்பு ஒத்துழைக்கவில்லை. எய்டன் 635ல் இந்தத் தூரத்தைக் கடந்தார். மல் தீவு பேருந்தில் டீ கேட்டு ஏங்கியதை நினைத்து வெட்கமாக இருந்தது, ஆனால் கொஞ்ச நேரம்தான். எடின்பரோவில் ரயில் மாறும்போது ஒரு டீ, ஒரு ஸ்கோன், ஏழு பவுண்டு சொச்சம். ரூபாயில் கணக்குப் போடாதே என்று அக்கா முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தாள். போட்டேன்.

ஜூன் 12, புதன். லிண்டிஸ்ஃபார்ன்

இந்த நாளை மட்டும் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும், ஏனென்றால் தப்பு என்னுடையது.

லிண்டிஸ்ஃபார்ன் ஒரு நாளில் இரண்டு முறை தீவாகவும் இரண்டு முறை கரையோடு ஒட்டியும் இருக்கிற இடம். கடல் இறங்கினால் சாலை தெரியும், ஏறினால் சாலை தண்ணீருக்குள். பேருந்தும் கடல் சொல்கிற நேரத்துக்குத்தான் ஓடுகிறது, எல்லா நாளும் கிடையாது. இன்று இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை கடக்கலாம் என்று அட்டவணை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அட்டவணையைப் பார்க்கிற பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் பார்த்தேன், வியாழக்கிழமை வரியை.

தெரியாமல் நிம்மதியாகச் சுற்றினோம். ஆஸ்வால்ட் தன் கோட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இந்தத் தீவை எய்டனுக்குக் கொடுத்தார். தெற்கே கடலுக்கு அந்தப் பக்கம் அந்தக் கோட்டை இருந்த பாம்பரோ மங்கலாகத் தெரிகிறது. கூப்பிடு தூரமும் இல்லை, கண்காணாத தூரமும் இல்லை. ராஜாவோடு இருக்க வேண்டும், ராஜா வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே இருந்துவிடவும் கூடாது என்கிற ஆள் தேர்ந்தெடுக்கிற இடம் இது என்று எனக்குத் தோன்றியது.

எய்டனைத் தேடினால் தீவில் எதுவும் இல்லை, அதுதான் முதல் ஏமாற்றம். சிவப்புக் கல்லில் அழகாக இடிந்து நிற்கிற மடம் அவருக்குப் பின் ஐந்நூறு வருடம் கழித்துக் கட்டியது. 793ல் வைக்கிங்குகள் வந்து கொள்ளையடித்தது அவருக்கு ரொம்பப் பின்னால். கையில் தீவட்டியுடன் நிற்கிற அவருடைய சிலை 1958ல் வைத்தது. தீவட்டி ஏன் என்றால், எய்டன் என்ற பெயருக்கே சின்ன நெருப்பு என்றுதான் அர்த்தம்.

மேரி கோயிலுக்குள் ஆறு துறவிகள் ஒரு சவப்பெட்டியைத் தோளில் சுமந்து போகிற மரச்சிற்பம் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பவர் கத்பர்ட், எய்டனுக்குப் பின் இந்தத் தீவில் ஆயராக இருந்தவர். ஃபென்விக் லாசன் என்ற சிற்பி எல்ம் மரத்தில் செய்தது, ரம்பம் அறுத்த தடத்தை இழைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார். துறவிகளின் அங்கி மடிப்பெல்லாம் அந்த ரம்ப வெட்டுதான். மரம் உலர்ந்து ஒருவர் முகத்தில் நெற்றியிலிருந்து கீழ் நோக்கி வெடிப்பு ஓடியிருக்கிறது, பாரம் தாங்காமல் வெடித்த மாதிரி. அக்கா பெட்டிக்கு அடியில் குனிந்து தோள் எப்படித் தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பேஷண்டைத் தூக்கத் தெரிஞ்சவங்கதான்" என்று சான்றிதழ் கொடுத்தாள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பேருந்து போயிருக்க வேண்டும்.

நிறுத்தத்துக்கு வந்தால் ஈ காக்கை இல்லை. கடைக்காரப் பெண்மணி எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். வெளியே கூட்டி வந்து சாலையைக் காட்டினார். சாலை இருந்த இடத்தில் தண்ணீர் பளபளத்தது. நடுவில் கம்பங்கள் மேல் ஒரு வெள்ளைக் கூண்டு நிற்கிறது, நம்பிக்கையாகக் காரை விட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி உட்கார. "நீங்கள் காரில் வராதது நல்லதாய்ப் போயிற்று, பெட்" என்றார். பெட் என்றால் இந்தப் பக்கத்தில் நம் "கண்ணு" மாதிரி, வயது வித்தியாசம் பார்ப்பதில்லை.

நாலாவது வீட்டில் அறை கிடைத்தது, 110 பவுண்டு. பெரிக்கில் எங்கள் பெட்டி தூங்குகிற அறைக்கும் அன்றைக்கு வாடகை உண்டு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்காரம்மா இரண்டு புதுப் பல்துலக்கியும் ஒரு இரவு உடையும் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். மாட்டிக்கொண்டவர்களுக்காகவே ஒரு இழுப்பறை வைத்திருப்பார் போல.

ஆனால் அதற்குப் பிறகுதான் தீவைப் பார்த்தோம். பகல் கூட்டம் மொத்தமும் கரைக்குப் போய்விட்டது. கவிழ்த்துப் போட்ட பழைய மீன்படகுகளைக் கொட்டகையாக்கி வைத்திருக்கிறார்கள், அதன் ஓரமாக உட்கார்ந்தோம். எதிர் மணல்திட்டிலிருந்து ஊளை கேட்டது, நீண்டு, இறங்கி, மறுபடி நீண்டு. சீல்கள். முதலில் யாரோ அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அங்கேதான் அக்காவுக்கு அந்த மொழிபெயர்ப்புக் கதையைச் சொன்னேன். எய்டனுக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஐரிஷில் பிரசங்கம் செய்வார். பக்கத்தில் நின்று தன் பிரபுக்களுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்கிறவர் ராஜா ஆஸ்வால்ட். அகதியாய் ஓடி ஒளிந்த காலத்தில் கற்றுக்கொண்ட பாஷை இப்படிப் பயன்பட்டது. அது பார்க்க அழகான காட்சி என்று பீட் எழுதுகிறார். பீடுக்கு எய்டன் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு, ஈஸ்டர் தேதியைத் தப்பாகக் கணக்கிட்டார் என்று விடாமல் குறை சொல்வார், ஆனாலும் அந்த மனிதரை நேசிக்காமல் இருக்க முடியவில்லை, அது வரிக்கு வரி தெரியும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க ஆஸ்பத்திரியில தமிழ் மட்டும் தெரிஞ்ச பாட்டி யாராவது வந்தா என்னையும் கூப்பிடுவாங்க. டாக்டர் சொல்றதுல பாதியை முழுங்கிட்டுத்தான் சொல்வேன். பாட்டி டாக்டரைத் திட்டறதுல முக்காவாசியை முழுங்கிடுவேன். உன் ராஜா எதையெல்லாம் முழுங்கினாரோ" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

காலையில் கடல் இறங்க ஆரம்பித்ததும் அடித்தரை சேறும் மணலுமாய் வெளியே வந்தது. கார்ச்சாலை போட்டது 1954ல்தான். அதற்கு முன் நடக்கிறவர்கள் போன வழிக்கு வரிசையாக உயரக் கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள், மூன்று மைல் கிட்டத்தட்ட. முழுக்கக் கடக்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை, நேற்றைய என் அட்டவணை ஞானத்துக்குப் பிறகு அக்கா சம்மதிக்கவும் மாட்டாள். சரி, கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம் என்று இறங்கினோம். மணல் நம்ப வைத்து ஏமாற்றுகிறது, பத்தடி கெட்டியாக இருக்கும், பதினோராவது அடியில் கணுக்கால் வரை உள்ளே. ஆறாவது கம்பத்துக்கும் ஏழாவது கம்பத்துக்கும் நடுவே என் வலது செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. கையை முழங்கை வரை விட்டுத் துழாவினேன், கிடைக்கவில்லை. இருநூற்று ஐம்பது ரூபாய்ச் செருப்பு, மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கியது.

எய்டன் இந்த ஊரையெல்லாம் நடந்தே சுற்றினார். எதிரே யார் வந்தாலும், பணக்காரனோ ஏழையோ, நின்று பேசுவார். கூட நடக்கிறவர்கள் சும்மா வரக்கூடாது, படிக்க வேண்டும், இல்லையென்றால் பைபிளில் உள்ள சங்கீதப் பாடல்களை மனப்பாடம் செய்ய வேண்டும். பணக்காரர்கள் தவறு செய்தால் தயங்காமல் கண்டிப்பார், அவர்கள் கொடுக்கிற பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார், அநியாயமாக விற்கப்பட்ட அடிமைகளை மீட்பார். அப்படி மீட்டவர்களில் சிலரைப் படிக்கவைத்துக் குருக்களாகவும் ஆக்கினார்.

குதிரைக் கதை இதுதான். ஆஸ்வால்ட் 642ல் போரில் செத்த பிறகு நார்தம்பிரியாவின் தெற்குப் பக்கத்தை ஆண்ட ராஜா ஆஸ்வின். ஆறு கடக்க, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல சேணம் பூட்டிய குதிரை ஒன்றை எய்டனுக்குக் கொடுத்தார். எதிரே ஒரு பிச்சைக்காரன் வந்தான், எய்டன் இறங்கி சேணத்தோடு அப்படியே கொடுத்துவிட்டார். ராஜாவுக்குக் கோபம். சாதாரணக் குதிரை எத்தனையோ இருக்க, உங்களுக்கென்று பொறுக்கி எடுத்ததையா கொடுப்பது என்றார். குதிரைக்குப் பிறந்தது கடவுளுக்குப் பிறந்ததைவிட உங்களுக்குப் பெரிதா என்று கேட்டார் எய்டன். ராஜா நெருப்பருகே நின்று யோசித்தார், பிறகு வாளைக் கழற்றி வைத்துவிட்டு வந்து அவர் காலில் விழுந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபின் எய்டன் அழ ஆரம்பித்தார். கூட இருந்த குரு காரணம் கேட்டபோது மற்றவர்களுக்குப் புரியாதபடி ஐரிஷில் பதில் சொன்னார், இவ்வளவு பணிவான ராஜாவை நான் பார்த்ததில்லை, இவர் நாள் நீடிக்காது என்று. 651 ஆகஸ்டில் ஆஸ்வினைக் கொன்றுவிட்டார்கள். மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்த என்னைப் பார்த்து, அதே வீட்டில் தங்கியிருந்த வயதான தம்பதி பெரிக் வரை காரில் கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் போக வேண்டியது எதிர்த்திசை, அதை இறக்கிவிட்ட பிறகுதான் சொன்னார்கள். சேற்றுக்கால் படாமல் இருக்க அந்தம்மா செய்தித்தாளை விரித்தார். எனக்கு எய்டன் ஞாபகம் வரவில்லை, எங்கள் ஊர் மினிபஸ் ஞாபகம்தான் வந்தது.

ஜூன் 14, வெள்ளி. பாம்பரோ

புதுச் செருப்பு, 18 பவுண்டு. இதையும் ரூபாயாக்கிப் பார்த்தேன்.

கோட்டையைப் பார்க்கப் பேருந்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம், எய்டன் பெயரில் உள்ள கோயிலுக்குப் போனோம். ஆஸ்வின் செத்துப் பன்னிரண்டாவது நாள், ஆகஸ்ட் 31, இந்த இடத்தில்தான் எய்டன் இறந்தார். படுக்கையில் இல்லை. கோயிலின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு கூடாரம் போட்டுக் கொடுத்திருந்தார்கள், சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்த மரத்தில் சாய்ந்தபடி போய்விட்டார். பிறகு எதிரி மன்னன் பெண்டா வந்து ஊரையும் கோயிலையும் எரித்தபோது அந்த மரம் மட்டும் எரியவில்லை என்றும், இன்னொரு முறை தீப்பிடித்தபோதும் தப்பியது என்றும், மூன்றாவது முறை கட்டும்போது உள்ளே வைத்துவிட்டார்கள் என்றும் பீட் சொல்கிறார். ஜனங்கள் அதில் சிராய் எடுத்துத் தண்ணீரில் போட்டுக் குடித்தார்களாம். வேப்பங்கொழுந்தைக் கிள்ளுகிற கை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஞானஸ்நானத் தொட்டிக்கு நேர் மேலே, கூரையில் ஒரு கருத்த மரம் இருக்கிறது. எதையும் தாங்கவில்லை, சும்மா இருக்கிறது. அதைத்தான் அந்த மரம் என்கிறார்கள். தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் அக்கா நேராகவே கேட்டாள், நிஜமாகவே அதே மரமா என்று. "எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், பெட்" என்றார் அவர், ஒரு தண்டைக் கிள்ளிக்கொண்டே.

வெளியே வந்தபோது பசி. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சமையலறை மூடியாயிற்று. எய்டன் புதனும் வெள்ளியும் மதியம் மூன்று மணி வரை சாப்பிட மாட்டார் என்று நான் சொன்னதும் அக்கா மணியைப் பார்த்தாள். மூன்றாகப் பத்து நிமிடம். "சரி, பத்து நிமிஷம் புனிதமா இருப்போம்" என்று கல்லறைத் தோட்டத்து ஓரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். என் பையில் ஒரு ரொட்டி இருந்தது, பாட்டிலில் அடிமட்டப் புளிக்காய்ச்சல் இருந்தது.

மூன்று மணிக்குத் தடவ ஆரம்பித்தோம். நாயோடு வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்த பெரியவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள், புளி, மிளகாய், பெருங்காயம், நல்லெண்ணெய் என்று எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாளோ என்னவோ.

"ஒரு மாதிரி ஜாம்" என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் நன்றி சொல்லி, ரொட்டித் துண்டை வாங்கி, ஜாம் தடவுகிற மாதிரியே தாராளமாகத் தடவிக்கொண்டார்.

"அக்கா," என்றேன் தமிழில், "இதை முழுங்காம சொல்லியிருக்கலாம்ல."

"பஸ் வருது பார்" என்றாள் அக்கா.